சீனத்துக் கவிகளுக்குத் தலைமை தாங்கியவர்

இனி ஒரு மணி நேரம் இந்த முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று அய்யாக்குட்டிக்குத் தெரியவில்லை. மேடையில் மூன்று பிளாஸ்டிக் நாற்காலிகள். நடுவில் இருந்தது அவருடையது, ஏனென்றால் அவர்தான் தலைமை. இடது பக்கம் வாசகர் மன்றச் செயலாளர் கோமதிநாயகம், கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறவர், தூங்கினாலும் வெளியே தெரியாது. வலது பக்கத்து நாற்காலி காலி. அதற்குரிய பெண் மைக்கின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். கூட்டத்தில் இருக்கிறவன் தலையைக் குனியலாம், எழுந்து வெளியே போய் பீடி பற்றவைக்கலாம், முன்வரிசைக்காரன் முதுகுக்குப் பின்னால் ஒளியலாம். தலைமை தாங்குகிறவன் என்ன செய்ய முடியும்? கோவில்பட்டியில் எந்தக் கூட்டமானாலும் அவன்தான் முதலில் பேச வேண்டும், அவன்தான் கடைசியில் பேசி முடித்துவைக்க வேண்டும், நடுவில் பொன்னாடையும் தானுமாகக் கூட்டத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்க வேண்டும். எத்தனையோ மேடையில் அவர் இப்படி உட்கார்ந்திருக்கிறார். முகம் ஒரு பாரம் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. இன்றைக்குக் கழற்றி மேஜைக்கடியில் வைத்துவிட்டால் தேவலை போலிருந்தது. அவர் பேசிவிட்டு உட்கார்ந்து கால் மணி நேரம்கூட ஆகவில்லை. பேசியது இன்னும் ஹாலைவிட்டுப் போகவில்லை. மின்விசிறி அதைச் சன்னல் வழியாகத் தள்ளாமல் சுற்றிச் சுற்றி அவர் காதுக்கே கொண்டுவந்தது. ‘சீனத்துல ரெண்டாயிரம் வருஷம் ராஜா இருந்தான். ரெண்டாயிரம் வருஷமும் எழுதினவன் பூராம் பட்டு அங்கி போட்டவன். நிலாவைப் பாத்தான், குடிச்சான், எழுதினான். உழுதவனைப் பத்தி ஒருத்தன், ஒரே ஒருத்தன், ஒரு வரி எழுதினானா?’ அந்த இடத்தில் நிறுத்தி, கையை உயர்த்தி, கூட்டத்தையே பதில் சொல்ல விடுவது அவருடைய முறை. ‘இல்லை’ என்றது கூட்டம். கைதட்டல். அதோடு உட்கார்ந்திருக்கலாம். கைதட்டல் தணிகிற நேரத்தில் இன்னும் ஒரு வாய் கேட்கிற குழந்தை மாதிரி நாக்கு நீண்டது. ‘நம்ம ஊர்ப் பொண்ணு அவ்வளவு தூரம் போயி அந்த ராஜாக்கள் குடிச்ச கோப்பையைக் கழுவிட்டு வந்திருக்கு. வாசம் எப்படி இருந்துச்சுன்னு சொல்லும், கேட்டுக்குவோம்.’ ஹாலே சிரித்தது. அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை அப்போது அவர் தனக்குக் கிடைத்த இன்னொரு கைதட்டலாக எடுத்துக்கொண்டார்.

கோப்பையைக் கழுவிட்டு. ஏன் சொன்னார்? டெல்லியில் ஒரு பல்கலைக்கழகத்தில் சீன மொழி சொல்லிக்கொடுக்கிறவள், முனைவர் பேச்சித்தாய், ‘அரசர்கள் காலத்துச் சீன இலக்கியம்’ என்று தலைப்பு, என்று கோமதிநாயகம் வீட்டுக்கு வந்து சொன்னபோதே மனசில் ஒரு முள் குத்தியது. முனைவர். இந்த வார்த்தையைக் கேட்டால் அவருக்குப் பல் கூசும். தடித்த புத்தகம் படித்தவர்கள் எல்லாம் கடைசியில் என்ன ஆனார்கள் என்று அவருக்குத் தெரியும். அதிகாரியானார்கள், இல்லையென்றால் அதிகாரிக்குச் சம்பந்தியானார்கள். அவர் ஐந்தாம் வகுப்போடு நின்றவர். மிச்சம் படித்ததெல்லாம் துண்டுப் பிரசுரம். மடியில் செருகிக்கொள்கிற கனம், சைக்கிளில் போகும்போது பனியனுக்குள் வைத்துக்கொள்ளலாம், போலீஸ் வந்தால் மென்று விழுங்கலாம். அப்படித்தான் உலகத்தை அவர் விழுங்கினார், பக்கம் பக்கமாக. சீனத்தைப் பற்றிப் படித்தது பாளையங்கோட்டை ஜெயிலில். அட்டை போன ஒரு பிரசுரம், கைக்குக் கை மாறி விளிம்பெல்லாம் கறுத்தது. அதில் இலக்கியத்துக்கு ஒரே ஒரு பத்தி. அந்தப் பத்தியை மனப்பாடம் செய்தார். வெளியே வந்த பிறகு அதை வைத்து எத்தனை கூட்டம், எத்தனை ஊர்; பேசப் பேசப் பத்தி கொழுத்தது, கையும் காலும் முளைத்தது, அரை மணி நேரமானது. யார் கேட்டார்கள்? எதிர்க்க ஆளில்லாத ஊரில் ஒரு பத்தியே போதும். பத்தி பொய்யா? பொய் இல்லை. பத்தி, அவ்வளவுதான். அவள் என்ன சொல்கிறாள் இப்போது? கேட்கக்கூடாது என்று நினைத்தாலும் ஒலிபெருக்கிப் பெட்டி அவர் தோளுக்குப் பக்கத்தில் இருந்தது. “தலைமை அய்யாவுக்கு நான் நன்றி சொல்லணும்” என்றுதான் தொடங்கினாள். “எங்கம்மா தீப்பெட்டி ஆபீஸ்ல கட்டைல குச்சி அடுக்கினவ. சாயங்காலம் ஆபீஸ் வாசல்ல அய்யா பேசுவாங்க. சீனான்னு ஒரு தேசம் இருக்குன்னு நான் அங்கதான் கேள்விப்பட்டேன். அய்யா கையை வடக்காம நீட்டி ‘அங்கே பார்’னாங்க. ரொம்ப நாளா நான் அது சாத்தூருக்கு அடுத்தாப்புலன்னு நினைச்சிட்டிருந்தேன்.” கூட்டம் சிரித்தது, ஆனால் அவர் மேல் சிரிக்கவில்லை, அவருக்காகச் சிரித்தது. அவளும் திரும்பி அவரைப் பார்த்து, கேலி ஒரு துளி இல்லாமல், கையெடுத்துக் கும்பிட்டாள். கோப்பையைக் கழுவிட்டு. திருப்பி ஒரு அடி அடித்திருந்தால் தாங்கிக்கொள்ளலாம். அடிக்கு அடி அவருக்குப் பழக்கம்.

அதற்குப் பிறகு அவள் அவர் பேச்சைத் தொடவே இல்லை. அதுதான் கொடுமை. ‘தலைமை அய்யா சொன்னது தவறு’ என்று ஒருமுறை சொல்லியிருந்தால் அவர் ரத்தம் சூடாகியிருக்கும், முடிவுரையில் ஒரு கை பார்த்திருப்பார். அவளோ தன் பாட்டுக்கு ஒவ்வொரு வம்சமாக நடந்துபோனாள். “பேரு சொல்லலை. சொன்னா நம்ம வாயில நுழையாது, வீட்டுக்குப் போறதுக்குள்ள மறந்திரும். ஆளை மட்டும் பாப்போம்” என்றாள். ஹான் வம்சத்தில் பாட்டுக்கென்றே ஒரு சர்க்கார் இலாகா இருந்ததாம். ஊரில் புழங்கிய பாட்டுகளை எடுத்துவைத்ததாம். பட்டாளத்துக்குப் பிடித்துக்கொண்டுபோனவன் பாட்டு, தாய் தகப்பனில்லாத பிள்ளையை அண்ணன் வீட்டில் வேலை வாங்கி வதைத்த பாட்டு. ஒருத்தன் ஒரு வரி எழுதினானா? தாங் காலத்தில், ராஜாவுக்குக் கீழே உத்தியோகம் தேடி வருஷக்கணக்காக அலைந்த ஒரு கவிஞன் வீட்டுக்குத் திரும்பினால், வாசலிலேயே அழுகைச் சத்தம். கைக்குழந்தை பசியில் போய்விட்டது. அவன் அதை எழுதினான், தன் பிள்ளையோடு நிறுத்தவில்லை, வரிகட்டவும் பட்டாளத்துக்குப் போகவும் தேவையில்லாத என் வீட்டிலேயே இப்படி என்றால் மற்றவர்கள் கதி என்ன என்று எழுதினான். ஒரு வரி. ஒரே ஒரு வரி. முன்வரிசையில் ஒரு பெண் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். அய்யாக்குட்டிக்கு மூத்திரம் முட்டியது. எழுந்து போகலாமா? போனால் ஓடினான் என்பார்கள். பொன்னாடை கழுத்தில் அரித்தது, ஜிகினா நூல் வியர்வையில் ஒட்டி எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. எடுத்துவிட்டாலும் தப்பு. அவரைப் பார்க்கிறார்களா? பார்க்கிறார்கள். அந்தத் தபால் ஆபீஸ்காரர் பார்க்கிறார். பள்ளிக்கூடத்து வாத்தியார் அவளைப் பார்க்கிறார், உடனே இவரைப் பார்க்கிறார், கணக்கைச் சரிபார்க்கிற மாதிரி. ‘இல்லை’ என்று சத்தம் போட்டவர்களும் இவர்கள்தானே? அவர்களுக்கும் கூசாதா? கூசாது. கூட்டத்துக்கு வெட்கம் கிடையாது, அதற்காகத்தான் ஒருத்தனைத் தூக்கி மேடையில் வைக்கிறார்கள்.

“அண்ணாச்சி.” காதுக்குள் வெற்றிலை வாடை. தேநீர் கொடுக்கிற சாக்கில் சுடலைமணி மேடையேறி வந்து குனிந்திருந்தான். இருபது வருஷமாக அவருக்குச் சைக்கிள் மிதித்தவன், இப்போது ஸ்கூட்டர். “என்ன அண்ணாச்சி, அந்தம்மா நைசா உங்க காலை வாருது. நீங்க பேசாம இருக்கீங்க?” “சும்மா இருல.” “முடிவுரைல ஒரு போடு போடுங்க. பொம்பளைப்பிள்ளைன்னு பாக்காதீங்க.” “கீழ எறங்குல, எல்லாரும் பாக்காங்க.” போய்விட்டான். தம்ளர் சுட்டது, கைமாற்றாமல் சூட்டோடே பிடித்துக்கொண்டிருந்தார். அவள் மிங் காலத்துக்கு வந்துவிட்டாள். நடுவில் சோங் காலத்துக் கடைத்தெருவில் கதைசொல்லிகள் வந்தார்கள் போலிருக்கிறது, மங்கோலிய ராஜாக்கள் பரீட்சையை நிறுத்தியதும் படித்தவனெல்லாம் பிழைப்பில்லாமல் நாடகம் எழுதினான் போலிருக்கிறது. அதையெல்லாம் அவர் கேட்கவில்லை, சுடலைமணி தின்றுவிட்டான். பரீட்சை எழுதுகிறவர்களைத் தனித்தனிக் கொட்டடியில் வைத்துப் பூட்டுவார்களாம். இரண்டு பலகை, ஒன்று உட்கார, ஒன்று எழுத, ராத்திரி இரண்டையும் சேர்த்துப் படுக்க. அய்யாக்குட்டிக்குப் பாளையங்கோட்டைக் கொட்டடி ஞாபகம் வந்தது, சுண்ணாம்பு வாடையோடு. “கட்டுரைக்கு எட்டு உறுப்பு உண்டு. எந்தத் தலைப்புக் கொடுத்தாலும் அந்த எட்டு உறுப்புலதான் எழுதணும். முதல்ல தலைப்பை உடைக்கணும், அப்புறம் விரிக்கணும், இப்படிப் போயி கடைசில கட்டணும். பெரிய மூளையெல்லாம் இதுலயே போச்சு. சொல்ல ஒண்ணும் இல்லைன்னாலும் எட்டு உறுப்பையும் நிரப்பிருவாங்க.” உலகம், தேசம், மாநிலம், மாவட்டம். பிறகு ஒரு கதை, ஒரு நக்கல், ஒரு கேள்வி, ஒரு அறைகூவல். தம்ளரைப் பிடித்த விரலால் எண்ணியவர் எட்டில் வந்து நின்றார். யாரும் பார்க்கவில்லை. தீப்பெட்டி ஆபீஸ் வாசலானாலும் சரி, கல்யாண வீடானாலும் சரி, இரங்கல் கூட்டமானாலும் சரி, அவருடைய பேச்சு இந்த எட்டில்தான் ஓடும். தன் பிரசுரத்தைத் தானே மனப்பாடம் செய்து, தானே எழுதி, தானே பாஸ் போட்டுக்கொண்ட பரீட்சை. பட்டு அங்கிக்குப் பதிலாகத் தோளில் ஒரு துண்டு.

“மறுபடி தாங் காலத்துக்கு ஒரு நிமிஷம் போறேன், மன்னிக்கணும். இதைச் சொல்லாம முடிக்க மனசில்லை” என்றாள். “ஒரு அதிகாரி. சர்க்கார் சம்பளம், நெல்லும் புல்லுமா வீடு நிறைய. அறுப்புக் காலத்துல வயக்காட்டுப் பக்கம் போயி நிக்கான். கொதிக்கிற வெயிலு. கோதுமை அறுக்காங்க. ஒரு பொம்பளை இடுப்புல பிள்ளையோட, அறுத்த வயல்ல விழுந்த கதிரைப் பொறுக்குதா. சொந்த நிலம் வரிக்குப் போயிருச்சு. அந்த அதிகாரி என்ன எழுதினான் தெரியுமா? அவளுக்காக அழுதேன்னு எழுதலை. ராஜா சரியில்லைன்னும் எழுதலை. நான் என்ன உழைச்சேன், எனக்கு எதுக்குச் சம்பளம்னு வெட்கமா இருக்குன்னு எழுதினான். ஆயிரத்து இருநூறு வருஷமா அந்த வெட்கம் அப்படியே இருக்கு.” அய்யாக்குட்டி தேநீரைக் குடித்தார், நாக்கு வெந்தது. வெயில். இடுப்பில் பிள்ளை. தீப்பெட்டி ஆபீஸில் நடந்த அந்த வேலைநிறுத்தம் ஆறாவது வாரமா, ஏழாவதா? சங்கத்தை ஆதரிக்கிற ஒரு பெட்டிக்கடைக்காரர் வீட்டில் மத்தியானச் சாப்பாடு, ஆட்டுக்கறிக் குழம்பு, வேண்டாம் என்று சொல்லத் தோன்றவில்லை, இரண்டாம் முறையும் சோறு வாங்கினார். கை கழுவியும் மசாலா வாடை போகவில்லை. அப்படியே ஆபீஸ் வாசலுக்கு வந்து பசியைப் பற்றிப் பேசினார். நன்றாகப் பேசினார், பசியைப் பற்றி அவரைவிட நன்றாகப் பேச இந்த வட்டாரத்தில் ஆளில்லை. பேசி இறங்கியதும் ஒருத்தி கேட்டாள்: “அண்ணாச்சி, சாப்பிட்டீயளா?” ‘ஆச்சும்மா’ என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான் வேண்டியிருந்தது. “எங்கேம்மா, நேரமேது” என்றார். அவள் தூக்குவாளியைத் திறந்து தன் கஞ்சியை ஊற்றிக் கொடுத்தாள். கம்மங்கஞ்சி, புளித்தது. சுற்றி நின்றவர்கள் பார்த்தார்கள், எங்க அண்ணாச்சி எங்களோட கஞ்சி குடிக்கிறார் என்று கண்ணெல்லாம் பளபளப்பு. கறிச்சோற்றுக்கு மேலே அந்தக் கஞ்சியைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார், வலது கை வாடை அவளுக்கு எட்டாமலிருக்க இடது கையால் பாத்திரத்தைப் பிடித்து. வாளியில் மிச்சம் இருந்ததா? பார்க்கவில்லை. இடுப்புப் பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தது. அதைப் பிறகு மேடையில் சொல்லியிருக்கிறார்கூட, எத்தனையோ தடவை, ‘பட்டினி கிடந்த தாய் எனக்குக் கஞ்சி ஊற்றினாள் தோழர்களே’ என்று. கறிக்குழம்பை மட்டும் விட்டுவிட்டு. கதிர் பொறுக்கினவளைப் பற்றி எழுதிய அவனும் அதிகாரிதான், பட்டு அங்கிதான். ஆனால் கறிக்குழம்பை விடாமல் எழுதிவிட்டான், பாவி.

சொல்லிவிட வேண்டும். முடிவுரைக்குக் கூப்பிட்டதும் மைக்கைப் பிடித்து, ‘நான் சொன்னது தப்பு. நான் படிக்காமப் பேசிட்டேன். அந்தப் பொண்ணைக் கேலி பண்ணினது அதைவிடத் தப்பு.’ இவ்வளவுதான். உலகமும் வேண்டாம், தேசமும் வேண்டாம். சொன்னால் என்ன ஆகும்? சுடலைமணி முகம் தொங்கும். வாத்தியார் வீட்டில் போய்ச் சொல்வார். இனி யாராவது அவரைத் தலைமைக்குக் கூப்பிடுவார்களா? மனைவி போய்ச்சேர்ந்துவிட்டாள், மகன் பெங்களூரில், கட்சியில் அவரைக் கேட்டு எதுவும் நடப்பதில்லை. கூப்பிட்டால் வந்து உட்கார்ந்து பேச ஒரு நாற்காலி இருக்கிறது, அது ஒன்றுதான். பேசினால் ஊர் கேட்கும், அது ஒன்றுதான். அதை எழுந்து நின்று தானே உடைப்பதா? உடைத்தால்தான் என்ன? அந்தச் சீனத்து அதிகாரியின் சம்பளமும் நெல்லும் போய்விட்டதா, எழுதியதால்? போகவில்லையே. நான் சொன்னது தப்பு. தொண்டைக்குள் ஒத்திகை பார்த்தார். உதடு அசைந்ததோ என்று பயந்து துண்டால் வாயைத் துடைத்தார். அவள் சிங் வம்சத்தில் இருந்தாள். தேசத்துப் புத்தகத்தையெல்லாம் சேர்த்துப் பிரதியெடுக்கச் சொன்ன ராஜா, சேர்க்கிற சாக்கில் பிடிக்காததையெல்லாம் எரித்தானாம், ஒரு சொல்லுக்காகத் தலைகளை எடுத்தானாம். நான் சொன்னது தப்பு. எளிதான சொற்கள், மூன்று வயசுப் பிள்ளை சொல்லும். எவ்வளவோ பேரைச் சொல்லவைத்திருக்கிறார் அவர், கமிட்டியில் நிறுத்தி, ஒப்புக்கொள் ஒப்புக்கொள் என்று மேஜையைத் தட்டி. ஒரு நாளும் யோசித்ததில்லை, அந்தச் சொல் நெஞ்சில் எந்த இடத்தில் மாட்டிக்கொள்ளும் என்று. கைதட்டல். முடித்துவிட்டாளா? முடித்துவிட்டாள். எல்லோரும் எழுந்து நின்று தட்டினார்கள். அவரும் எழுந்து தட்டினார், தலைமை உட்கார்ந்திருக்கக்கூடாது.

கோமதிநாயகம் கண்ணைத் திறந்து, “அடுத்து நம்ம தலைவர் அண்ணாச்சி முடிவுரை” என்றார். மைக் அவள் உயரத்துக்கு இறக்கப்பட்டிருந்தது. அய்யாக்குட்டி அதை ஏற்றினார். இரும்பு குளிர்ந்து பழகிய பிடியாக உள்ளங்கையில் உட்கார்ந்தது, நாய் வீட்டுக்காரன் காலில் வந்து உரசுகிற மாதிரி. நான் சொன்னது. அவர் வாயைத் திறந்தார். “தோழர்களே!” என்று கேட்டது. அவர் குரல்தான், ஆனால் அவரைக் கேட்காமலே முன்னால் போய்க்கொண்டிருந்தது. “தொடக்கத்துல நான் என்ன சொன்னேன்? உழுதவனைப் பத்தி எழுத அங்கே ஆளில்லைன்னு சொன்னேன். நம்ம முனைவர் என்ன சொன்னாங்க? ராஜாவோட அதிகாரி எழுதினான்னு சொன்னாங்க. எப்படி எழுதினான்? வெட்கப்பட்டு எழுதினான்! அந்தப் பட்டு அங்கிக்காரனை வெட்கப்பட வச்சது யாரு? ராஜாவா?” நிறுத்தினார். கை தானாக உயர்ந்தது. “இல்லை” என்றது கூட்டம். “கதிர் பொறுக்கின அந்தத் தாய்! உழைக்கிற மக்கள் முன்னால எந்தக் காலத்து அதிகாரியும் தலைகுனிஞ்சே ஆகணும்! இதைத்தான் தோழர்களே, நான் முதல்லயே சொன்னேன்!” கைதட்டல் சுவரில் மோதித் திரும்பியது. சுடலைமணி எழுந்து நின்று விசிலடித்தான். ஆயிரத்து இருநூறு வருஷமாக யார் கையிலும் சிக்காமலிருந்த ஒருவனுடைய வெட்கத்தை இரண்டு நிமிஷத்தில் எடுத்து அவர் தன் கணக்கில் வரவு வைத்துவிட்டார். வாத்தியாரும் தட்டினார்.

பேச்சாளருக்குப் பொன்னாடை போர்த்துவதும் தலைமையின் வேலை. கோமதிநாயகம் சரசரக்கும் பையிலிருந்து அதை எடுத்து நீட்டினார். பேச்சித்தாய் எதிரில் வந்து, போர்த்த வசதியாகக் கொஞ்சம் குனிந்து நின்றாள். நெற்றியோரம் நரைமுடி இரண்டு தெரிந்தது, சின்னப் பெண்ணில்லை. தோளைச் சுற்றி ஆடையைக் கொண்டுவருகிற அந்த ஒரு நொடியில் அவர் வாய் அவள் காதுக்குப் பக்கத்தில் இருந்தது. “நான் முதல்ல பேசினது தப்பும்மா” என்றார். “கோப்பைன்னு சொன்னது ரொம்பத் தப்பு. நான் ஒண்ணும் படிச்சதில்லை.” குரல் எழும்பவே இல்லை, காற்றாகத்தான் வந்தது, ஆனால் வந்துவிட்டது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். கோபமில்லை, எள்ளலும் இல்லை. பாடம் ஒப்பிக்கிற பிள்ளை நடுவில் விட்டுவிட்ட வரியை எடுத்துக்கொடுக்கிற டீச்சர் மாதிரி, மெதுவாக, “இதை மைக்ல சொல்லியிருக்கலாமேய்யா” என்றாள். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். “அண்ணாச்சி, இங்க! ரெண்டு பேரும் இங்க பாருங்க” என்று கீழேயிருந்து போட்டோக்காரர் கூப்பிட்டார். அய்யாக்குட்டியின் முகம், யாருடைய உத்தரவுக்கும் காத்திருக்காமல், அந்தப் பக்கம் திரும்பிச் சிரித்தது.